உபயப் பட்டியலை ஜேசனாக்கியது: 1982க்கு முந்திய தேதிகள் படுத்திய பாடு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டக் கோயிலின் உபயப் பதிவேடு இப்போது கைப்பேசியில் ஒழுங்காகத் திறக்கிறது. பெயர், தோட்டப் பிரிவு, உபயம், தொகை, தேதி எல்லாம் பைத்தான் நிரல்மொழியில் டேட்டாகிளாஸ்களாக (புலங்களுக்குப் பெயர் வைத்த தரவுக் கட்டுகளாக) உள்ளன. அவற்றை ஒரே ஜேசன் (JSON, நிரல்கள் தரவைப் பரிமாறும் உரை வடிவம்) கோப்பாக எழுதிவிட்டால் இணையப் பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் படித்துக்கொள்ளும். சர்வர் கிடையாது, தரவுத்தளம் கிடையாது. தரவை ஜேசனாக்கும் 'டம்ப்ஸ்' என்று ஒரு வரி எழுதுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த வரி நம்மிடம் சொல்லாமல் எதையெல்லாம் மாற்றிவிடுகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

ஜேசனுக்குத் தெரிந்தது ஆறே வகை: பொருள், வரிசை, சரம், எண், உண்மை/பொய், நல் (வெறுமை). டெசிமல் (துல்லியப் பதின்ம எண்), செட் (கணம்), தேதி இவற்றைக் கொடுத்தால் பைத்தான் உடனே டைப்எரர் (வகைப் பிழை) என்று கத்தும். கத்தட்டும், நல்லதுதான். தலைவலி கொடுப்பவை வாய் திறக்காமல் உள்ளே போகிறவை.

நேம்டு டியூப்பிளை (புலப்பெயர் கொண்ட மாறாப் பட்டியல்) எடுத்துக்கொள்ளுங்கள். ஜேசனில் அது வெறும் வரிசையாகிவிடும், புலப்பெயர்கள் காணாமல் போய்விடும். டம்ப்ஸோடு கொடுக்கும் 'டிஃபால்ட்' செயற்கூறில் அதற்கென ஒரு கிளை எழுதிவிட்டு, அது ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. பைத்தான் தனக்குத் தெரியாத வகை வந்தால் மட்டுமே டிஃபால்ட்டைக் கூப்பிடும். நேம்டு டியூப்பிள், டியூப்பிளின் வாரிசு என்பதால் அதற்கு ஏற்கெனவே தெரிந்த வகை. இன்ட்எனமும் (எண்களுக்குப் பெயர் சூட்டும் வகை) அதே கதைதான், எண்ணாகப் போய்விடும். அகராதியின் சாவிகளுக்கும் டிஃபால்ட் எட்டிப் பார்க்காது. எனவே டம்ப்ஸுக்கு அனுப்பும் முன்பே எல்லாவற்றையும் சாதாரண அகராதியாகப் பிரித்துவிடுவது மேல். டிஃபால்ட்டைக் கடைசிக் காவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சாவி என்றதும் இன்னொன்று. ஆண்டை எண் சாவியாக வைத்து, அதன் கீழ் அந்த ஆண்டின் உபயங்களை அடுக்கினால் பார்க்க அழகுதான். ஜேசனில் அந்த எண் சரமாகிவிடும். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் புதிய ஆண்டு மேலே வரும்படி நாம் அடுக்கிய வரிசையை ஜாவாஸ்கிரிப்ட் கலைத்துவிடும். முழு எண்போலத் தெரியும் சாவிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவது அந்த மொழியின் விதி. வரிசை முக்கியமென்றால் பொருள் வேண்டாம். ஆண்டும் பட்டியலும் கொண்ட உறுப்புகளின் வரிசையாக எழுதுங்கள்.

இனி தேதி. முக்கால்வாசி உழைப்பு இதற்குத்தான் போனது.

பைத்தான் பக்கம் முதல் கண்ணி: டேட்டைம் (தேதியும் மணியும்) என்பது டேட்டின் (தேதி மட்டும்) வாரிசு. டிஃபால்ட் செயற்கூறில் 'இது டேட் வகையா?' என்று முதலில் கேட்டால் டேட்டைமும் ஆமென்று தலையாட்டும். டேட்டைமை முதலில் சோதித்து, டேட்டைப் பிறகு சோதியுங்கள். டேட்டைமை எழுதும்போது ஐசோஃபார்மேட்டுக்கு (தேதியைச் சரமாக்கும் செயற்கூறு) டைம்ஸ்பெக் அளபுருவை 'செகண்ட்ஸ்' என்று கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நுண்நொடி இருக்கும்போது ஆறு இலக்கம் ஒட்டிக்கொள்ளும், இல்லாதபோது ஒட்டாது. கோப்பு பார்க்க அசிங்கமாக இருக்கும்.

இரண்டாவது கண்ணி உலாவியில். ஜாவாஸ்கிரிப்ட் 'டேட்' பொருளை ஸ்ட்ரிங்கிஃபை செய்தால் (ஜேசன் சரமாக்கினால்) அது தானாகவே யூடிசி (உலகப் பொது) நேரத்துக்கு மாறிவிடும். இங்கே 2024 மே 12 நள்ளிரவு என்பது அங்கே 2024-05-11, 16:00. தேதி மட்டும் வேண்டுமென்று முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் உபயம் ஒருநாள் முன்பே நடந்துவிடும். பதிவுப் பக்கத்தில் தேதிப் பெட்டியின் 'வேல்யூ' ஏற்கெனவே 2024-05-12 என்ற சரமாகத்தான் கிடைக்கிறது. அதை டேட் பொருளாக்கித் திரும்பச் சரமாக்குவது வீண்வேலை. அப்படியே சேமியுங்கள்.

மூன்றாவதுதான் வில்லன். இந்தப் பதிவேட்டில் 1960களின், 70களின் உபயங்களும் இருக்கின்றன. மலேசியா யூடிசிக்கு எட்டு மணி முன்னால் என்று நினைத்து, ஒவ்வொரு தேதியையும் நள்ளிரவு, +08:00 என்று எழுதினால் புதிய பதிவுகள் அனைத்தும் சரியாகத் தெரியும். பழையவை மட்டும் ஒருநாள் பின்னால் போகும். காரணம், தீபகற்ப மலேசியா +8க்கு மாறியதே 1982 ஜனவரி 1இல்தான். 1981 டிசம்பர் 31 இரவு 11:30க்குக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிப் பன்னிரண்டாக்கினார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போவதற்காகச் செய்த ஏற்பாடு. அதற்கு முன் இங்கே +7:30. உலாவியின் நேர மண்டலப் பட்டியலுக்கு இந்தச் சரித்திரம் தெரியும். 1975 ஆகஸ்ட் 15 நள்ளிரவு, +08:00 என்று நாம் கொடுத்ததை, அன்றைய உள்ளூர்க் கணக்குப்படி ஆகஸ்ட் 14 இரவு 11:30 என்று அது காட்டுகிறது. உலாவி சொல்வது சரி, நாம் கொடுத்ததுதான் தப்பு.

பைத்தானின் நேர மண்டலத் தொகுதியான சோன்இன்ஃபோவில் கோலாலம்பூர் மண்டலத்தைப் போட்டு எழுதினால் +07:30 சரியாக வரும். பைத்தான் 3.9 முதல் அது கூடவே இருக்கிறது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டிஇசட்டேட்டா (நேர மண்டலத் தரவு) பொதியைத் தனியாகப் போட வேண்டும். ஆனால் உபயத்துக்கு மணி எதற்கு? நாள் மட்டும் போதுமென்றால் 1975-08-15 என்ற சரமே போதும். காட்டும்போது மட்டும் கவனம்: மணியில்லாத இந்தச் சரத்தை ஜாவாஸ்கிரிப்ட் யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும், மணி சேர்த்து மண்டலம் சொல்லாமல் விட்டால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே மொழிக்குள் இரண்டு சட்டம், யார் செய்த புண்ணியமோ! பீடோங்கில் திறந்தால் தெரியாது. அமெரிக்காவிலிருக்கும் பேரன் திறந்தால் ஆகஸ்ட் 14 என்று காட்டும். தேதியை வடிவமைக்கும்போது நேர மண்டலத்தை யூடிசி என்று கொடுத்துவிட்டால் எங்கே திறந்தாலும் 15தான். சோதனைத் தரவில் 1982க்கு முந்திய தேதி ஒன்றை எப்போதும் வைத்திருங்கள்.

தொகை எளிது. 501 ரிங்கிட்டை 50100 சென் என்று முழு எண்ணாக எழுதிவிட்டால் டெசிமல் தொல்லையே இல்லை. ரொக்கத்தை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கும் வழக்கம் 2008 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அதைத் தரவில் செய்யாதீர்கள், பக்கத்தில் காட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பதிவுகள் எக்செல் வழியாக வந்தால் சுழியன்களைப் பறிகொடுத்திருக்கும். பீடோங்கின் அஞ்சல் குறியீடு 08100. எக்செல் அதை 8100 ஆக்கிவிடும். ஜேசனிலும் சுழியத்தில் தொடங்கும் பல இலக்க எண் செல்லாது. அஞ்சல் குறியீடு, தொலைபேசி, அடையாள அட்டை எண் மூன்றும் சரம்தான், எண் அல்ல. பாண்டாஸ் (பைத்தானின் அட்டவணை நூலகம்) வழியாகப் படித்தால் காலிக் கட்டங்கள் 'நேன்' (NaN, 'எண் அல்ல') ஆகிவிடும். பைத்தான் அதை அப்படியே ஜேசனில் எழுதும், உலாவி முழுக் கோப்பையும் தள்ளிவிடும். 'அலோ நேன்' அமைப்பைப் பொய் என்று வையுங்கள், எழுதும்போதே பிழை பிடிபடும்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். 'என்ஷூர் ஆஸ்கி' (ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே எழுதச் சொல்லும் அமைப்பு) இயல்பாக உண்மை என்றே இருக்கிறது. அப்படியே விட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் பின்சாய்கோடு போட்ட ஆறு பைட்டாகும். யூடிஎஃப்-8இல் மூன்றே பைட். 'முருகன்' என்ற பெயரில் ஏழு குறியீடு: 42க்கு 21. ஜிசிப் சுருக்கம் போட்டால் இந்த வித்தியாசம் குறையும், ஆனால் கோப்பைத் திறந்து கண்ணால் படிக்க முடியாதே. பொய் என்று வைத்து, கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பிஎச்பி மொழியில் செய்பவர்களுக்கு 'த/பெ' என்பதன் நடுவில் ஒரு பின்சாய்கோடு வந்து உட்காரும். செல்லுபடியாகும் ஜேசன்தான், படித்த பிறகு போய்விடும், பயப்பட வேண்டாம்.

'கோவிந்தசாமி' என்று தேடினால் பாதிப் பேர் வராததற்குக் காரணம் வேறு. 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஜேசன் எழுதும் முன் யூனிகோடின் என்எஃப்சி (பிரிந்ததைச் சேர்த்தெழுதும்) முறையில் ஒழுங்காக்கினால் இரண்டும் ஒன்றாகும். தேடல் பெட்டியில் தட்டுவதையும் அதேபோல் ஒழுங்காக்க வேண்டும். ஆனால் 'கௌ'வின் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டி வைத்த 'கெளரி'களை என்எஃப்சி தொடாது, தொடவும் கூடாது. இயந்திரம் அதை 'தெளிவு' என்பதிலுள்ள ளகரத்திலிருந்து பிரித்தறியாது. கையால்தான் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய கருவி தேவையில்லை. சுங்கைப்பட்டாணியில் பழைய மடிக்கணினி விற்கும் கடைகளில் 8 ஜிபி நினைவகத்தோடு கிடைப்பதே தாராளம். கோப்புகளை, இணையப் பக்கங்களை வைக்கும் சேவையான கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். தளத்துக்கு 1 ஜிபி வரம்பு, உபயப் பட்டியல் அதன் பக்கத்தில்கூடப் போகாது. தோட்டத்துக்குள் இணையம் இழுத்தடிக்கும் என்பதால் ஜேசனைத் தனிக் கோப்பாக எடுக்காமல் பக்கத்துக்குள்ளேயே ஸ்கிரிப்ட் குறிச்சொல்லில் பதித்துவிடும் எண்ணமும் இருக்கிறது. அப்படிச் செய்தால் தரவிலுள்ள ஒவ்வொரு 'சிறியது' (<) குறியையும் ஜேசனின் குறியீட்டு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். எவராவது குறிப்புக் கட்டத்தில் மூடும் குறிச்சொல்லைத் தட்டி வைத்திருந்தால் பக்கம் அங்கேயே அறுந்துவிடும்.

குடும்பத்துக்குள் ஆள், ஆளுக்குள் குடும்பம் என்று சுற்றும் தொடர்பு இன்னும் பாக்கி. இப்போதைக்கு ஆளிடம் குடும்ப எண் மட்டும் இருக்கிறது, பைத்தான் சுழல் பிழை சொல்லாமல் விடுகிறது. அடுத்தது அகரவரிசை. குறியீட்டு வரிசைப்படி அடுக்கினால் னகரம் பகரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது, ளகரம் ழகரத்துக்கு முன்னால். ஜாவாஸ்கிரிப்டின் 'இன்டல் கொலேட்டர்' (Intl.Collator) தமிழுக்குச் சரியாக அடுக்குகிறது. ஆனால் அதை உலாவியில் ஓட்டுவதா, ஜேசனை எழுதும்போதே அடுக்கி வைப்பதா என்பதை 'கெளரி'கள் திருந்திய பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.