இடது கால் பக்கம் மட்டும் ஏன் ஈரம்?

மேட் காய்ந்துதான் இருந்தது. அதைத் தூக்கிவிட்டுக் கார்பெட்டை விரலால் அமுக்கினால் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டு மேலே வந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற இடம். வண்டி பத்து வயதைத் தாண்டிய சின்ன ஹேட்ச்பேக். சன்ரூஃப் கிடையாது என்பதால் அந்த வழியை ஆரம்பத்திலேயே கழித்துவிடலாம். எனக்கு வீடு சேலம் கோரிமேட்டில். காபி எஸ்டேட் கணக்கு வேலையாக அடிக்கடி ஏற்காடு போவேன், மழை பலத்தால் இரவு அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

ஈரத்தைவிட முதலில் தொல்லை கொடுத்தது கண்ணாடி. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற வெளியே மூடுபனி, உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி படரும். கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஃபோம் குடித்து வைத்திருக்கும் தண்ணீர்தான் ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டுகிறது. ஏசியைப் போட்டு, வெளிக்காற்றை எடுக்கும் பக்கம் தள்ளி, முன் கண்ணாடி மேல் அடிக்கவிட்டால் தெளியும். மலைக் குளிரில் ஏசியா என்று பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பார்கள். குளிருக்காக அல்ல, காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கத்தான் அது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

சேலத்தில் கேட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு பதில். ஏசி பார்ப்பவர், "டிரெயின் பைப் அடைச்சிருக்கும் சார்" என்றார். கண்ணாடிக் கடையில், "முன் கண்ணாடி மாத்துன வண்டிதானே? ஓரத்துல சிலிகான் விட்டுடலாம்." டிங்கர் பட்டறையில், "ஃப்ளோர்ல துரு புடிச்சு ஓட்டை விழுந்திருக்கும், கார்பெட்டைக் கழட்டுனாத்தான் தெரியும்." மூன்றுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் நாம் சொன்ன நேரத்தில் அந்தத் தண்ணீரை வரவைத்துக் காட்ட முடியாதவரை யாரையும் எதையும் பூசவிடக் கூடாது என்பது என் கட்சி. அதிலும் சிலிகான் ஒரு தடவை பட்ட இடத்தில், பிறகு கண்ணாடி ஒட்டும் யூரித்தேன் பசை சரியாகப் பிடிக்காது. வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிகானிலிருந்து வருவது அசிட்டிக் அமிலம். அது தகரத்துக்கும் ஆகாது.

ஏசியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுப்பது சுலபம். சேலம் வெயிலில் வண்டியை நிறுத்தி வைத்து ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டேன். அடியில் இடது பக்கம் சொட்டுச் சொட்டாக விழுந்து தரையில் சின்னக் குட்டையே கட்டியது. வெளியே அப்படி ஒழுகினால் பைப் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அடைத்திருந்தால் மழையே இல்லாத சித்திரை வெயிலிலும் கார்பெட் நனையும், எங்கள் வண்டியிலோ மழை நாளில் மட்டும்தான் ஈரம். அடுத்து கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். டேஷ்போர்டுக்குள் அந்தத் திரவம் ஓடும் ஹீட்டர் கோர் ஒழுகினாலும் இதே இடம்தான் நனையும். ஆனால் அந்தத் தண்ணீர் தொட்டால் வழவழப்பாக இருக்கும், இனிப்பு வாடை அடிக்கும், பானெட்டுக்குள் கூலன்ட் பாட்டிலின் அளவும் இறங்கும். எங்களுடையது வெறும் அழுக்குத் தண்ணீர், பாட்டிலும் குறையவில்லை.

ஆக, மழைத் தண்ணீர். அதிலும் ஒரு விநோதம். சேலத்தில் எத்தனை கனமழை பெய்தாலும் அந்தக் கார்பெட் நனையவில்லை, வாட்டர் வாஷ் கொடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. ஏற்காட்டில் ஒரு ராத்திரி நின்றால் மட்டும் கார்பெட் ஊறிவிடும்.

ஹோஸ் சோதனைக்கு ஆள் இரண்டு வேண்டும். மகளை செல்போன் டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்தேன். போர் தண்ணீர்தான், மேட்டூர் தண்ணீர் வரும் குழாயில் இப்படி விளையாட மனசு வராது. இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஹோஸ் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சக் கூடாது, மழை மாதிரி வழியத்தான் விட வேண்டும். பிரஷர் பம்ப் நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே தள்ளிப் பொய்சாட்சி சொல்லும். இன்னொன்று, கீழிருந்து மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் வழியும், எது உள்ளே போனது என்று தெரியாது. சக்கரத்து உள்பக்கம், முன் கதவின் அடி, அதன் கண்ணாடி, முன் கண்ணாடியின் கீழ் ஓரம், பக்கவாட்டு ஓரம், கடைசியாகக் கூரை என்று ஒவ்வொரு இடத்திலும் பொறுமையாக நின்றேன். "ஒண்ணும் வரலப்பா" என்பதே பதில். எதிர்வீட்டு அக்கா, "தம்பி, கழுவுனதையே கழுவிட்டு இருக்கீங்களே" என்று கேட்டுவிட்டுப் போனார்.

துப்பு கிடைத்தது கேபின் ஃபில்டரில். இடது பக்கம் டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருக்கும், பட்டறையில் ஏசி ஃபில்டர் என்பார்கள். உருவினால் அதன் கீழ் விளிம்பில் காபி டிகாக்ஷன் நிறத்தில் கறை ஒரே கோடாக ஏறியிருந்தது, மடிப்புகளில் இலைத் துணுக்குகள். கதவு வழியாகவோ ஃப்ளோர் ஓட்டை வழியாகவோ வரும் தண்ணீர் இந்த ஃபில்டரைத் தொடவே தொடாது. வெளிக்காற்று வரும் பாதையிலேயே தண்ணீர் இறங்கினால்தான் இப்படி நனையும்.

வெளிக்காற்று வருவது வைப்பருக்குக் கீழே, பானெட்டும் முன் கண்ணாடியும் சேரும் இடத்திலிருந்து. அங்கே கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று, கவுல் பேனல். முன் கண்ணாடியில் வழியும் மழையெல்லாம் அதற்கடியில் உள்ள தகரத் தொட்டியில் விழுந்து, இரண்டு முனையிலும் உள்ள துளை வழியாக மட்காட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். தொட்டியின் இடது பக்கம்தான் புளோவருக்கு, அதாவது காற்றை உள்ளே தள்ளும் விசிறிக்கு, காற்று போகும் வாய் இருக்கிறது. அதைச் சுற்றி உயர்ந்த விளிம்பு. தண்ணீர் அந்த விளிம்பைத் தாண்டாதவரை பிரச்சினை இல்லை.

எஸ்டேட்டில் வண்டி நிற்கும் இடம் சரிவு, இடது சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம். இதைப் பொருத்திப் பார்த்ததும் விஷயம் பாதி விளங்கிவிட்டது. சமதரையில் நின்றால் இடது துளை அடைத்திருந்தாலும் வலது துளை மொத்தத் தண்ணீரையும் இறக்கிவிடும். இடது பக்கம் சாய்ந்து நின்றால் தண்ணீர் முழுக்க அங்கேயே தேங்கும், வலது துளை மேட்டில் சும்மா இருக்கும்.

வீட்டு முன்னால் ரோடு சாக்கடைப் பக்கம் கொஞ்சம் சரிவு. அங்கே வண்டியை நிறுத்தி, வலது சக்கரங்களுக்குக் கீழே மரப்பலகை வைத்து ஏற்றி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் அணை கொடுத்தேன். கவுல் மேல் ஹோஸை வைத்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம்: "அப்பா, டேஷ்போர்டுக்குள்ள கொடகொடங்குது!" அடுத்த நிமிஷம் கார்பெட்டில் ஓட்டம். வீடு முழுக்கத் தேடின சாவி கிடைத்த மாதிரி சந்தோஷம்.

பிறகு நடந்தது கைவேலை. வைப்பர் கையைக் கழற்றும் முன் அது கண்ணாடியில் நிற்கும் இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது பிளேடு ஓரத்தில் போய் இடிக்கும். பழைய வண்டியில் கவுல் கிளிப்புகள் வெயிலில் காய்ந்து பொடிந்துபோயிருக்கும். புதுசு வாங்கி வைத்துக்கொண்டு கை வைப்பதே நல்லது. மூடியைத் தூக்கினால் இடது மூலையில் கறுப்பு எரு. ஒரு தொட்டிச் செடி வைக்கும் அளவுக்கு அள்ளினேன். எல்லாம் சில்வர் ஓக் இலை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அந்தக் காபிக்கு நிழலாக நிற்கும் ஆஸ்திரேலிய மரம்தான் சில்வர் ஓக், மிளகுக் கொடி ஏறவும் தோது. இலை பெரணி மாதிரி கிழிந்து கிழிந்து இருக்கும். காய்ந்தால் கவுல் பேனலின் சந்தில் அப்படியே நழுவி இறங்கிவிடும். கோடையில் கொட்டுகிற இலை அங்கே சேர்ந்து, அடுத்து பெய்கிற மழையில் ஊறிக் குழைந்து துளையை மூடிவிடுகிறது. எங்கள் வண்டியில் துளையின் முனையில் ரப்பர் வாய் ஒன்றும் உண்டு. கீழிருந்து புழுதி ஏறாமலிருக்க வைத்தது, சேறு சிக்குவதற்கும் அதுவே வசதி. கம்பியால் குத்தினால் ரப்பர் கிழியும் என்று விரலால் பிதுக்கி எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன், மட்காட்டுக்குப் பின்னால் சடசடவென்று கொட்டியது. மேலே கொசுவலை கட்டச் சொல்லி ஒரு யோசனை வந்தது. வலையிலேயே இலை படிந்து காற்றும் போகாது என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

அடைப்பை எடுத்ததோடு வேலை முடியாது, ஃபோம் காய வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சற்று நேரம் விட்டுத்தான் சீட்டில் கை வைக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, அணைப்பதற்கென்று ஒரு செலவு வைக்கும். கார்பெட்டைச் சுருட்டி வெளியே எடுத்து ஃபோம் பக்கம் மேலே வருமாறு மாடியில் போட்டேன். சேலம் வெயிலுக்கு இந்த ஒரு விஷயத்தில் கும்பிடு போடலாம். ஃப்ளோரில் ஓட்டை இல்லை, மேல் துரு மட்டும். தேய்த்து பிரைமர் அடித்தாகிவிட்டது.

முன்பக்கம் காய்ந்தது. அடுத்த மழையில் பின் சீட்டின் இடது கால் பக்கம் நனைந்தது! முன்பு முன்னாலிருந்து ஊறி வருகிறது என்று நினைத்த ஈரம், தனிக் கணக்கு. பின் கதவுப் படியில் டால்கம் பவுடர் தூவி ஹோஸைத் திறந்ததில், கதவுப் பேனலின் அடியிலிருந்து பவுடரில் தடம் போட்டுக்கொண்டு தண்ணீர் இறங்கியது தெரிந்தது.

கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறே இல்லை. ஏற்றி இறக்கும் கண்ணாடியின் ஓரமாக எப்போதும் போகும், கீழே உள்ள துளைகள் வழியாக வெளியேறும். அது வண்டிக்குள் வராமல் தடுப்பது உள் பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட். ஸ்பீக்கர் மாற்றிய கடைக்காரர் அதைக் கத்தியால் கிழித்து வழி பண்ணிவிட்டு அப்படியே மூடியிருக்கிறார். பாட்டு என்னவோ நன்றாகத்தான் கேட்டது. தடித்த பாலிதீன் ஷீட் வெட்டி, சுற்றிலும் பியூடைல் டேப் ஒட்டி, கீழ் விளிம்பைக் கதவின் உள்பக்கம் மடித்துவிட்டேன். அந்த மடிப்புதான் முக்கியம். தண்ணீர் ஷீட்டில் வழிந்து கதவுக்குள்ளேயே விழ வேண்டும், பேனல் பக்கம் அல்ல. அடித்துளைகளையும் குச்சியால் நெருடிச் சுத்தம் செய்தேன்.

அதன்பிறகு ஐப்பசி மழையில் எஸ்டேட்டிலேயே ராத்திரி நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. கார்பெட்டுக்கு அடியில் செருகி வைத்த செய்தித்தாள் மொரமொரப்பாகவே இருந்தது. மலையிலிருந்து கிளம்பும் முன் பானெட்டைத் தூக்கி இலையைப் பொறுக்குவது வழக்கமாகிவிட்டது. எஸ்டேட் ரைட்டர், "சார் வண்டிக்கு எரு அள்ள வந்துட்டாரு" என்று சிரிக்கிறார். பின் கதவுப் பேனலில் இரண்டு கிளிப் உடைந்து கடகடவென்று ஆடுகிறது. ஐந்து ரோட்டுப் பக்கம் கேட்டுப் பார்த்தேன், அந்த அளவு வரவில்லை என்றார்கள்.