கைக்கு முன்னால் ஓடும் கண்

பிழைதிருத்தும் வேலையில் முதல் இருபது வருடமும் எனக்கு இருந்த உத்தி ஒன்றே ஒன்றுதான்: மற்றவர்கள் கிளம்பிய பிறகும் உட்கார்ந்திருப்பது. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை இருப்பேன். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்பேன். என் திறமை என்று நான் நம்பிக்கொண்டிருந்ததில் பாதி, தூக்கம் கெட்டாலும் தாங்கிய உடம்பு. அது அப்போது தெரியவில்லை.

44 வயதில் புரூஃபைத் தள்ளிப் பிடிக்க ஆரம்பித்தேன். வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்வு குறைந்து இறுகுவதால் வருவது, நாற்பதைத் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் வரும். கண்ணாடி போட்டேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதே வருடம் அம்மா படுக்கையில் விழுந்தார். புண் வந்துவிடக் கூடாது என்று ராத்திரியில் எழுந்து எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இவ்வளவு மாறிய பிறகும் அலுவலகத்தில் நான் பழைய வழியையேதான் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கம் முடியவில்லையா, இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்.

அப்படி உட்கார்ந்த ஓர் இரவு, மருத்துவக் கேள்வி பதில் பக்கம். மூலத்தில் ‘0.5 மி.கி.’ என்று இருந்தது. அச்சுக்குப் போகும் பக்கத்தில் ‘5 மி.கி.’ என்று வந்திருந்தது. பார்த்து முடித்து, கீழே சுருக்கொப்பமும் போட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத தம்பி ஒருவர், பக்கத்தை அனுப்பும் முன்னால் என் மேசைக்கு வந்து, “அக்கா, இந்த ஒரு எண்ணை மட்டும் இன்னொரு தடவை பாருங்களேன்” என்றார். ஒரு பூஜ்யமும் ஒரு புள்ளியும் விழுந்திருந்தன. பத்து மடங்கு மருந்து. யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு மாத்திரையை எண்ணிக் கையில் எடுப்பதைத்தான் அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் கவனமாக இருப்பேன் என்று சபதம் எடுப்பதில் பயனில்லை என்று அப்போது புரிந்தது. கவனம் குறைந்ததால் நடந்த தவறு இல்லை அது. கவனம் வற்றிப்போகிற நேரத்தில் அதைக் கேட்டதால் நடந்தது.

அந்த நாட்களில்தான் 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். டிமோத்தி சால்ட்ஹவுஸ் என்ற உளவியலாளர் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சாளர்களைச் சோதித்துப் பார்த்தார். வயது கூடக் கூட விரல் தட்டும் வேகம் குறைந்திருந்தது, தூண்டலுக்குப் பதில் செய்ய எடுக்கும் நேரமும் கூடியிருந்தது. ஆனால் தட்டச்சு வேகம் குறையவில்லை. காரணம், வயதானவர்கள் விரல் அடிக்கும் எழுத்தைத் தாண்டி இன்னும் அதிக தூரத்தில் கண்ணை வைத்திருந்தார்கள். கை மெதுவாகிப்போனதை, கண்ணை முன்னால் ஓட விட்டு ஈடுகட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இழந்ததைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, இருபது வருடம் என்ன கொடுத்திருக்கிறது என்று யாரோ எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

எங்கே பிழை வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அதுதான் என் கையிருப்பு. அதனால் இப்போது கட்டுரை எழுதப்படும் முன்னாலேயே எழுதுபவரிடம் போய் உட்கார்ந்துவிடுகிறேன். மருந்தளவு வந்தால் எண்ணோடு ‘அரை மில்லிகிராம்’ என்று எழுத்திலும் போடச் சொல்கிறேன். புள்ளி விழுந்துவிடலாம், ‘அரை’ என்ற சொல் அவ்வளவு எளிதில் விழாது. பக்கம் கைக்கு வந்ததும் வாசிப்பதில்லை. முதலில் எண்கள், பெயர்கள், தேதிகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு மூலத்தோடு ஒத்துப் பார்ப்பேன். வாசிப்பு அப்புறம்தான்.

இரவுப் பணியை விட்டது மட்டும் எளிதாக இல்லை. பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1976-இல், 89 வயதில்தான் மேடையை விட்டார். முதுமையில் குறைந்த எண்ணிக்கையில் படைப்புகளைத் தேர்ந்து, அவற்றையே அதிகம் பயின்றதாகச் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எதையாவது தேர்ந்தால் மற்றதைக் கைவிட வேண்டும், அந்த வலியை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, பின்னால் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். நான் இல்லாமலும் பக்கங்கள் ஒழுங்காகப் போயின. பல வாரங்கள் அது உறுத்தியது. கடைசிப் பக்கத்தில் இப்போது அந்தத் தம்பியின் சுருக்கொப்பம்.

வயது ஏற ஏற விழிப்பு தானாகவே முன்னதாக வருகிறது. சண்டை போடாமல் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன். காலை நான்கரை மணிக்கு அம்மாவை மறுபக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, கட்டிலோரம் நாற்காலியைப் போடுவேன். அவர் மூச்சு சீராகும்வரை காத்திருப்பேன். அப்புறம் பென்சிலை எடுத்து, பக்கத்தின் முதல் எண்ணைத் தேடுவேன்.