ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் இருந்தால்

2024 மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் வெளிமாநில வியாபாரிகளின் முகத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. திங்கள் இரவு கடை விரித்து, செவ்வாய்க்கிழமை முழுக்க விற்றுவிட்டு மூட்டை கட்டுவது எங்கள் வாடிக்கை. கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நாலா பக்கமிருந்தும் சில்லறை வியாபாரிகள் ரொக்கத்தோடு வந்து, லுங்கியும் துண்டும் சென்னிமலைப் போர்வையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த ஆண்டு கேரளத்தில் ரம்ஜான் ஏப்ரல் 10, விஷு 14 என்று அடுத்தடுத்து வந்தன. கேரள வியாபாரம் இப்படிச் சேர்ந்தாற்போல் கூடி வருவது எப்போதாவதுதான். அந்த வியாபாரத்தைத் தேர்தல் நடத்தை விதி விழுங்கிவிட்டது.

உரிய ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் யாரும் ரொக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. பறக்கும் படையும் நிலைக் கண்காணிப்புக் குழுவும் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள்; ஆவணம் இல்லையென்றால் பணம் கருவூலத்துக்குப் போய்விடும்; பத்து லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித் துறைக்கும் தகவல் போகும். பிறகு கணக்கைக் காட்டித் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அதற்கென மாவட்டத்தில் ஒரு குழு இருக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பாலக்காட்டுக்கு அப்பால் ஏதோ ஒரு சிற்றூரில் கடை வைத்திருப்பவர், பிடிபட்ட பணத்துக்காக வேலையை விட்டுவிட்டு ஈரோட்டுக்கு நடையாய் நடப்பாரா என்ன? வராமலே இருந்துவிடுகிறார். சந்தையில் புழங்குகிற பணம் அத்தனையும் ரசீது போட்ட பணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்; செய்தால் பக்கத்துக் கடைக்காரரே சிரிப்பார். இருந்தாலும் அது வரிக் கணக்கில் கேட்க வேண்டிய கேள்வி. தேர்தல் வந்தால் மட்டும் துணி வாங்க வந்தவரை ஓட்டுக்குப் பணம் கொடுக்க வந்தவராகப் பார்ப்பது வேறு சங்கதி.

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையின் கதையும் இதேதான். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கன்றோடு ஒரு கறவை மாட்டை விற்றுவிட்டு, எழுபதாயிரத்துச் சொச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு திரும்பும்போது வழியில் நிறுத்தப்பட்டார். சோதனையிட்ட அதிகாரி மரியாதையாகவே பேசினாராம்.

“ஏனுங்க பெரியவரே, இந்தப் பணத்துக்கு பில்லு இருக்குங்களா?”

“மாட்டுக்கு ஏதுங்க சாமி பில்லு? தோள்ல கெடக்கற துண்டுதானுங்க பில்லு.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுகிறார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தரகருக்கும் தவிர நான்காம் ஆளுக்குத் தெரியாத அந்த விலைக்கு எந்தத் தாளில் சான்று வாங்குவது? சந்தையில் ஒரு சீட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு கடிதம் என்று அலைந்து திரிந்து பணத்தை மீட்டுவிட்டார். மனுக் கொடுக்கலாம் என்று பார்த்தால், திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தையும் தேர்தல் முடியும்வரை நிறுத்தி, வாசலில் ஒரு பெட்டியை வைத்துவிட்டார்கள்.

இந்த எரிச்சலோடு டீக்கடைக்குப் போனால், யாராவது ஒருவர் 2016ஆம் ஆண்டை எடுத்துவிடுவார். அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, திருப்பூர் அருகே மூன்று கண்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு அனுப்பிய வங்கிப் பணம் என்று விளக்கம் வந்தது, பணமும் வங்கிக்கே திரும்பிப் போனது. அந்த விளக்கத்தை மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரைக்கூட அது சமாதானப்படுத்தவில்லை. எழுபதாயிரத்துக்குச் சீட்டுக் கேட்கிற ஊரில் 570 கோடிக்கு ஒரு வாய்விளக்கம் போதுமா என்பது அவர்களுடைய கணக்கு.

அதே தேர்தலில் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில் வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் கொடுக்கப்பட்டன என்று தேர்தலையே ஆணையம் ரத்து செய்தது. தஞ்சாவூருக்கும் அதே கதிதான். நவம்பர் 19ஆம் தேதி மறுபடி தேர்தல் நடந்தபோது பழைய முதன்மை வேட்பாளர்களே மீண்டும் நின்றார்கள். பதினோரு நாளுக்கு முன்புதான் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். அரவக்குறிச்சிக்காரர்கள் அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். பணம் கொடுத்ததற்காகத் தேர்தலை நிறுத்த முடிந்தது, ஆட்களை நிறுத்த முடியவில்லை. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் வாக்காளர்களைப் பந்தலுக்குள் பட்டி போட்டு அடைத்துவைத்ததாக எதிர்க்கட்சிகள் புகார் சொன்னபோது, ஊருக்குள் அதிர்ச்சியைவிட “எங்க வார்டுக்கு எப்பங்க?” என்ற விசாரிப்புதான் அதிகம் கேட்டது. ஓட்டுக்குப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதை அறியாதவர்கள் அல்லர் இவர்கள். “அவன் ஊட்டுக் காசா குடுக்கறான்? வாங்கிக்கிட்டு நம்ம இஷ்டத்துக்குப் போட்டுக்கலாம்” என்று சமாதானமும் தயாராக இருக்கிறது. எனக்கு இந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. கொடுத்தவர் கணக்கு முடித்தாயிற்று என்று எண்ணிப் போய்விடுவார். ஐந்து ஆண்டு கழித்து அவரிடம் எதையும் உரக்கக் கேட்க முடியாது.

நாட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிற ஒரே கேள்விக்கான வாக்கெடுப்பு இது என்று 2024இல் இரண்டு பக்கத்தாரும் மேடை போட்டுச் சொன்னார்கள். நம் அரசமைப்புச் சட்டத்தில் நாடு தழுவிய பொதுவாக்கெடுப்புக்கு இடமே இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. அப்படி இருந்திருந்தால் எங்கள் பக்கத்துப் பாசனத்துக்காகக் கேட்டுவரும் ஆனைமலையாறு நல்லாறு அணையைக் கட்டுவீர்களா, மாட்டீர்களா என்று ஒரே நாளில் முடித்திருப்போம். குளங்களை நிரப்பும் அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்காகத் தலைமுறைகளாக மனுக் கொடுத்து, 2019இல்தான் அடிக்கல் கண்டோம்; வெள்ளோட்டம் பார்த்த பிறகும், 2024 ஏப்ரலில் வாக்குப்பதிவு வந்தபோதுகூடத் திறப்பு விழா நடந்திருக்கவில்லை. பாண்டியாறு மோயாறு இணைப்புத் திட்டம் வாக்குறுதிப் பட்டியலை விட்டு இறங்கியதே இல்லை.

‘இல்லை’ என்று சொல்ல எங்கள் ஆட்கள் முயலாமலும் இல்லை. 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை எவரும் காதில் வாங்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக வேட்புமனுத் தாக்கல் செய்ய, வேட்பாளர்கள் 1,033 பேர் ஆனார்கள். தேர்தலை ஒரு மாதம் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. 88 பேருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. தனக்குத்தானே போட்டுக்கொள்ளாத வேட்பாளர்களை உலகம் அங்கேதான் பார்த்திருக்கும். அரசு கொடுத்த பதில், சட்டமன்ற வேட்பாளர் கட்ட வேண்டிய 250 ரூபாய் வைப்புத்தொகையை 5,000 ஆக்கியதுதான். விவசாயிகளின் குறைகளுக்கு அவ்வளவு விரைவாக ஒரு சட்டத் திருத்தமும் வரவில்லை.

பிறகு நோட்டா வந்தது. 2014இல் நாட்டிலேயே அதிக நோட்டா வாக்குகள் விழுந்தது நீலகிரித் தொகுதியில், 46,559. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என்று எங்கள் சமவெளி ஊர்களும் அந்தத் தொகுதியில் அடக்கம். ஒரு பெரிய கட்சி வேட்பாளரின் மனு தள்ளுபடி ஆனதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து வந்தவர்தான் வெற்றி பெற்றவர் என்பதால், அந்தப் பொத்தானை அழுத்துவது மனத்தாங்கலைப் பதிவு செய்வதோடு சரி. 2024இல் கரூரில் 54 பேர் நின்றார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் நான்கு இயந்திரங்களை வரிசையாக வைத்து, கடைசி இயந்திரத்தில் நோட்டாவைத் தேட வேண்டியிருந்தது.

எவன் வந்தாலும் நாம் பாடுபட்டால்தான் சோறு என்பது இங்கே பெருமையாகச் சொல்லப்படுகிற வாக்கியம். பாதி உண்மை. மீதிப் பாதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு எத்தனை வசதி இருக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. எதையும் எதிர்பார்க்காதவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

எங்களுக்கு 2024 ஏப்ரல் 19ஆம் தேதி வாக்குப்பதிவு. அன்று காலையில் வெயில் ஏறுவதற்குள் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேரளத்துக்கு 26ஆம் தேதி, கர்நாடகத்துக்கு 26ஆம் தேதியும் மே 7ஆம் தேதியும், ஆந்திரத்துக்கு மே 13, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. எங்கள் ஊரில் மை காய்ந்த பிறகும் எல்லைச் சோதனை ஓயப்போவதில்லை என்று வாளையாறு வழியாக வருகிற என் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். விஷுவுக்கென்று நெய்து வாங்கிய வேட்டிகள் கிடங்கில் அப்படியே இருந்தன. விசைத்தறிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கூலி பாக்கியை ஓணத்துக்குள் தீர்ப்பதாகச் சொல்லியிருந்தேன்.