லூர்து அன்னையின் திருநாளில் தம்பி தூங்கிவிட்டான்

அம்மா வேண்டிக்கொண்டது மிகச் சிறிய விஷயம். தம்பிக்குக் கல்யாணம் ஆக வேண்டும், விட்ட வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "ராத்திரியில் என் பிள்ளை கண்ணயர்ந்தால் போதும் தாயே, அவன் கையில் மெழுகுவர்த்தி கொடுத்து உன் தேருக்குப் பின்னால் நடக்க வைக்கிறேன்" என்று தருமபுரி மாவட்டத்துப் பி.பள்ளிப்பட்டி லூர்து மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்க ஆரம்பித்தான். அதற்குமேல் அம்மாவைப் பிடித்து வைக்க முடியவில்லை. பிப்ரவரி 11ஆம் தேதி எல்லாரும் புறப்படுகிறோம் என்று சொல்லிவிட்டார்.

தம்பி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஆள் குறைந்தால் முடித்த கையோடு அடுத்த ஷிப்டையும் பார்க்கச் சொல்வார்கள். மாட்டையும் கழுதையையும் வேலைக்காரனையும் அந்நியனையும்கூட ஏழாம் நாளில் வேலை வாங்காதே என்று விவிலியத்தின் இணைச்சட்ட நூலில் கடவுள் பெயர் சொல்லிச் சொல்லிக் கட்டளையிட்டிருக்கிறார். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் பொங்கலுக்கு மாட்டின் கொம்பில் வண்ணம் பூசி ஒரு நாளாவது சும்மா நிற்க விடுகிறோம். மனிதனுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் அவனுக்குத் தூக்கம் போனது. பிறகு பசி, பிறகு பேச்சு. காவேரிப்பட்டணத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் விடிய விடியத் திண்ணைக்கும் கொல்லைக்கும் நடந்தான். "செத்துப்போனால் தேவலை அக்கா" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னான், தண்ணீர் வேண்டும் என்று கேட்கிற குரலில். பக்கத்து வீட்டு ஆசிரியைதான் 14416 என்ற எண்ணைத் தந்தார். 2022இல் அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. எந்த நேரத்திலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசுகிறார்கள். அங்கிருந்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மாத்திரை, படுக்கப் போகும் நேரத்தை மாற்றாதே என்ற கண்டிப்பு, இரவு ஷிப்ட் வேண்டவே வேண்டாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு என்று ஒவ்வொன்றாக வந்தது.

இதற்கிடையில் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, விசுவாசம் குறைந்த வீட்டில்தான் இந்த மாதிரி நோய் வரும், மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருங்கள் என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டே, "உங்கள் சர்க்கரை மாத்திரையை முதலில் நீங்கள் நிறுத்துங்கள் அண்ணா, அப்புறம் இவனுடையதைப் பற்றிப் பேசலாம்" என்றார். மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவர்தான், நிலத்திலிருந்து மருந்துகளைத் தந்தவரும் அவர்தான் என்று சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அம்மா அதைப் படித்ததில்லை. படிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

தருமபுரி வரை பயணம் சுகமாகத்தான் இருந்தது. பொம்மிடி பஸ்ஸில் ஏறியபோதுதான் சோதனை. திருநாள் கூட்டமும் முகூர்த்தக் கூட்டமும் சேர்ந்து படிக்கட்டு வரை ஆட்கள். பாதி வழியில் தம்பியின் முகம் வெளிறியது. மூச்சு வாங்கியது, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. "இறங்க வேண்டும் அக்கா, இப்பொழுதே இறங்க வேண்டும்" என்றான். நடத்துனர் முணுமுணுத்தபடி விசில் கொடுத்தார். அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் இறங்கினார்.

சாலையோரத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் துண்டை விரித்து அவனை உட்கார வைத்தோம். அந்த மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக மூச்சை இழுத்து அதைவிட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தான். அம்மா தண்ணீர் கொடுத்தார், கட்டிவந்த இட்லியைப் பிரித்து வைத்தார். அடுத்த பஸ் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. திருப்பலிக்கு நேரமாகிவிடுமே என்று எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "மாதா எங்கேயும் ஓடிப்போக மாட்டாள், நீ சும்மா உட்கார்" என்றார் அம்மா. தூரத்தில் சேர்வராயன் மலை வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. கடைசியில் தம்பியே எழுந்து, போகலாம் என்றான்.

பொம்மிடியில் இறங்கியதும் ஆட்டோக்காரர்களின் பிடுங்கல் ஆரம்பித்தது. திருநாள் என்றால் கட்டணம் இரட்டிப்பாகும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியவில்லை. கோவிலுக்குப் போகும் வழியெல்லாம் கடைகள். "அம்மா, செருப்பை இங்கே விடுங்கள்", "அம்மா, மெழுகுவர்த்தி இங்கே வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள்" என்று முந்தானையைப் பிடிக்காத குறையாக இழுத்தார்கள். அப்படி எந்த விதியும் இல்லை என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

காணிக்கைத் தகடு விற்கிற கடையில் அம்மா நின்றுவிட்டார். கண், கை, கால், தொட்டில், வீடு எல்லாம் வெள்ளி நிறத் தகட்டில் வெட்டி அட்டையில் செருகி வைத்திருந்தார்கள்.

"மனசுக்கு என்ன தகடு?" என்று கேட்டார் அம்மா.

கடைக்காரர் ஒரு கணம்தான் யோசித்தார். "தலை ஒன்று, இதயம் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள் அம்மா, எதில் இருந்தாலும் சரியாகிவிடும்" என்று இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டார். தம்பி சிரித்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்ததை அங்கேதான் பார்த்தேன். அந்தக் கடைக்காரர் எங்களை ஏமாற்றியிருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.

பிப்ரவரி 11 லூர்து அன்னையின் திருநாள் மட்டுமல்ல. 1993 முதல் அதே நாளை உலக நோயாளர் நாளாகவும் திருச்சபை கொண்டாடுகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்தியது. அதனால் மாலைத் திருப்பலியில், நோயாளிகளுக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதலும் இருந்தது. வரிசையில் கைத்தடியோடு வந்த பெரியவர்கள், தூக்கி வரப்பட்டவர்கள், கட்டுப் போட்ட கால்கள். தம்பி தயங்கினான். "என்னைப் பார்த்தால் நோயாளி மாதிரியா இருக்கிறது? கல் மாதிரி நிற்கிறேன், எல்லாரும் என்ன நினைப்பார்கள்?" என்றான். கடுமையான மனநோயில் இருப்பவர்களும் இந்த அருளடையாளத்தைப் பெறலாம், வெட்கப்பட வேண்டாம் என்று சாமியார் ஒலிபெருக்கியில் சொன்னார். எங்களுக்காகவே சொன்னது போல இருந்தது. முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, "உனக்கு என்ன தம்பி?" என்று கேட்டார். "தூக்கம் வருவதில்லை தாத்தா." "எனக்கும்தான். வா, முன்னால் நில்" என்று தன் இடத்தை விட்டுக் கொடுத்தார். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசப்பட்டபோது தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கைகளை விரித்தபடியே திரும்பி வந்தான், எண்ணெய் துடைபட்டுவிடக் கூடாது என்று.

சாமியாரின் மறையுரை இறைவாக்கினர் எலியாவைப் பற்றி இருந்தது. கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை இறக்கிய அதே எலியா, அதற்குப் பிறகு உயிருக்குப் பயந்து பாலைநிலத்துக்கு ஓடி, சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். கடவுள் அவரைத் திட்டவில்லை. உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லவில்லை. எலியா தூங்குகிறார். வானதூதர் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறார். நீ போக வேண்டிய தூரம் மிகுதி என்கிறார். இவ்வளவும் நடந்த பிறகுதான் ஓரேபு மலை, அந்த மெல்லிய குரல் எல்லாம். "முதலில் தூக்கம், பிறகு சோறு, அதற்குப் பிறகுதான் கடவுள் பேசினார்" என்று சாமியார் சொன்னபோது நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பூக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் புளியமரத்தடியில் இட்லி பிரித்து வைத்தவருக்கு இந்தப் பிரசங்கம் தேவைப்படவில்லை என்று தோன்றியது.

சின்ன வயதிலிருந்து மத்தேயு 11இல் வருகிற அந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே என்னிடம் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன். நல்லவனாக மாறிவிட்டு வா, வேலையை முடித்துவிட்டு வா என்று ஆண்டவர் நிபந்தனை போடவில்லை. சோர்ந்து போயிருந்தாலே அவரிடம் வரத் தகுதி வந்துவிடுகிறது. ஓய்வை உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்றுதான் தம்பியின் மண்டைக்குள் யாரோ ஆணி அடித்து வைத்திருந்தார்கள். படுத்தால்கூட, வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவராதவன் எந்த உரிமையில் படுக்கிறோம் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவான். அவனுடைய மருத்துவரும் இதே ஆணியைத்தான் வேறு வார்த்தைகளில் பிடுங்கிக்கொண்டிருந்தார். மாத்திரை ஒரு பக்கம், இந்த வசனம் ஒரு பக்கம். இரண்டுக்கும் சண்டை இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பிரான்சின் லூர்து நகரிலேயே 1883 முதல் மருத்துவர்கள் உட்கார்ந்து, குணமானதாகச் சொல்லி வருகிறவர்களைப் பரிசோதிக்கிறார்களே.

நற்கருணை வாங்கி வந்த தம்பி சுவர் ஓரமாகச் சரிந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. பிறகு மடிக்கு வந்தது. பிறகு தரையிலேயே நீட்டிப் படுத்து, என் துணிப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். மாத்திரைத் தூக்கம் என்று யாராவது சொல்லலாம். அவன் மாத்திரை போடுவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அது இன்னும் பிரிக்கப்படாமல் என் கைப்பையில் இருந்தது.

வெளியே வெடி வெடித்தது. பேண்டு வாத்தியம் முழங்கியது. தேரை எடுக்கப் போகிறார்கள் என்று கூட்டம் அவனைத் தாண்டித் தாண்டி வாசலுக்கு ஓடியது. ஒருவர் காலை மிதித்தேவிட்டார். அவன் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. எண்ணெய் பட்ட உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது.

"அம்மா, நேர்த்திக்கடன்... எழுப்பட்டுமா?" என்றேன்.

அம்மா என்னை ஒரு பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நான் கேட்டதே தூக்கம். அவள் அதைக் கொடுத்திருக்கிறாள். கொடுத்ததைத் தட்டிவிட்டு மெழுகுவர்த்தி பிடிக்கச் சொல்கிறாயா? தூங்கட்டும் விடு. நீ போய்ப் பிடி."

புயலில் படகு மூழ்கப் போகிறது என்று சீடர்கள் அலறியபோது இயேசு தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். சீடர்கள்தான் எழுப்பினார்கள். எங்கள் அம்மா அந்தப் படகில் இருந்திருந்தால் எழுப்ப விட்டிருக்க மாட்டார்.

நான் மெழுகுவர்த்தியோடு தேருக்குப் பின்னால் போனேன். வெள்ளை உடை, நீலக் கச்சை, பாதங்களில் பொன்னிற ரோஜா. முண்டியடிக்கும் கூட்டத்தில் மெழுகு என் விரலில் சொட்டியது, ஒருவர் முழங்கை விலாவில் குத்தியது. அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. 1858இல் லூர்து நகரில் பெர்னதெத் என்ற 14 வயதுப் பெண்ணுக்குக் காட்சி கொடுத்து, இந்த உலகில் உன்னை மகிழ்ச்சியாக வைத்திருப்பேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை என்று சொன்னவள் இந்தத் தாய். அந்தப் பெண்ணின் ஆஸ்துமா கடைசி வரை தீரவில்லை. 1879இல், 35 வயதில் இறந்துபோனாள். நோயாளிகள் நம்பித் தேடி வரும் ஊற்றை ஊருக்கெல்லாம் காட்டியவளுக்கே அப்படி. பொய் வாக்குக் கொடுக்காத தாய் என்பதாலேயே இவளை நம்ப முடிகிறது. என் தம்பிக்கு நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் சொல்லவில்லை. இன்றைக்கு, இந்த இரைச்சலில், சிமெண்டுத் தரையில் அவனைத் தூங்க வைத்தாள். நன்றி தாயே. அந்த ஆசிரியைக்காக நன்றி, போனில் பேசிய முகம் தெரியாத பெண்ணுக்காக நன்றி, கோபப்படாமல் திரும்பத் திரும்பச் சொன்ன மருத்துவருக்காக நன்றி, வரிசையில் இடம் விட்ட தாத்தாவுக்காக நன்றி. தலையும் இதயமும் விற்ற கடைக்காரருக்காகவும்தான். எதையோ கேட்கலாம் என்று நினைத்து வந்திருந்தேன். தேர் நிலைக்குத் திரும்பும் வரை கேட்கவே தோன்றவில்லை.

நான் திரும்பி வந்தபோது தம்பி எழுந்து உட்கார்ந்து, கன்னத்தில் பையின் வரி பதிந்திருக்க, "பசிக்கிறது அக்கா, தேர் எப்பொழுது கிளம்பும்?" என்று கேட்டான். போய்விட்டு வந்தாயிற்று என்றதும் பதறிப்போனான். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. மாதாவிடம் ஒரு வருடத் தவணை வாங்கிவிட்டாராம், அடுத்த பிப்ரவரியில் அவனே நடப்பானாம். அதற்கு முன்னால் வருகிற செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்க வேண்டும், அந்தச் சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே சாப்பாட்டுக் கடையைத் தேடி முன்னால் நடந்தார்.