சுவர் விழுந்தது புறம்போக்கில் நின்றதால்

எங்கள் ஊர்த் தீண்டாமைச் சுவரைக் காம்பவுண்டு என்றுதான் சொல்வார்கள். தெற்குத் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிற பாதையை மறித்து, கோயில் நிலத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக் கட்டினார்கள். பாதுகாப்பு என்றால் நாலு பக்கமும் வேண்டுமே? சுவர் எங்கள் பக்கம் மட்டும்தான் இருந்தது. ரேஷன் அரிசி வாங்கவும் பஸ் பிடிக்கவும் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

ஆரம்பத்தில் 'தீண்டாமைச் சுவரை அகற்றுங்கள்' என்று திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து வந்தோம். கலெக்டர் ஆபீசில் வாங்கும் மனு கடைசியில் தாலுகா ஆபீசுக்கு வந்து சேரும். அங்கே அமைதிப் பேச்சுவார்த்தை வைப்பார்கள். இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்து, 'தற்போதைய நிலையே தொடர வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். எங்கள் புகாரே அந்த நிலையைப் பற்றித்தான்! கையெழுத்துப் போட மறுத்தால் ஒத்துழைக்காதவர்கள் என்று குறிப்பு எழுதுவார்கள்.

எந்த அதிகாரியைப் பார்த்தாலும் பேச்சு மதுரை மாவட்டத்து உத்தப்புரத்துக்குப் போய்விடும். 2008 மே 6 அன்று அங்கே இருந்த தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியை இடித்ததும், சுவர் வேண்டும் என்ற சாதியினர் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டு வெளியேறினார்கள். "இங்கேயும் அப்படி ஆகிடக்கூடாது பாருங்க" என்பார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டு போவது பிரச்சினை, நாங்கள் சுற்றிப் போவது பிரச்சினை இல்லை.

எங்கள் தெருவில் சர்வே துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் உண்டு. அவர்தான் கேட்டார்: "தம்பி, சுவர் யார் இடத்துல நிக்குதுன்னு பேப்பர் வச்சிருக்கியா?" யாரிடமும் இல்லை. நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் ஆன்லைனிலேயே எடுத்தோம். பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்றிருந்தது, அதாவது பொதுப்பாதைக்கான அரசு நிலம். அப்புறம் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, சுவர் கட்ட அனுமதி கொடுத்த தீர்மானத்தின் நகல் கேட்டுத் தகவல் உரிமை மனு போட்டோம். 30 நாள் கெடு தாண்டித்தான் பதில் வந்தது, அப்படி ஒரு தீர்மானம் கோப்பில் இல்லை என்று.

அளக்க வந்த சர்வேயர் எல்லைக் கல்லைத் தேடினார். சுவரின் அடிவாரத்தில் மண்ணைத் தோண்டினால் கல் அங்கேயே இருந்தது. மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள். பெரியப்பா கடப்பாரை முனையால் மெதுவாகத் தட்டினார், சர்வே கல்லுக்கு அடையாளமான அம்புக்குறி தெரிந்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டு வக்கீலுக்கு போன் போட ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு மனுவின் மொழியே மாறியது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள் என்று மட்டும் எழுதினோம். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் செத்ததையும் ஒரு பத்தியில் சேர்த்தோம். எங்கள் சுவரும் அடியில் ஊறிப்போய்த்தான் இருந்தது. அந்த ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தது, அப்புறம் 6ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. ஒரு காலை போலீஸ் பாதுகாப்போடு ஜேசிபி வந்தது, மதியத்துக்குள் பாதை திறந்துவிட்டது.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உத்தரவு நகலில் 'ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது' என்று இருக்கிறது. சாதி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. நாளைக்கு யாராவது ஃபைலைப் புரட்டினால், யாரோ பாதையில் கொஞ்சம் தள்ளிக் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். சாதியைச் சொன்னால் பேச்சுவார்த்தை, சர்வே எண்ணைச் சொன்னால் நோட்டீஸ். இதைத் தந்திரம் என்று மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மெச்சத் தோன்றவில்லை.

அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனியாக ஒரு புகார் கொடுத்திருக்கிறோம். 2015 திருத்தத்தில் வந்த 3(1)(இசட்-ஏ) பிரிவு, பொதுப்பாதையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. டிஎஸ்பி விசாரணை நடக்கிறது. சுவரில் பட்டா நிலத்துக்குள் இருக்கும் துண்டு இன்னும் நிற்கிறது. அது தனியார் இடம் என்பதால் ஆக்கிரமிப்புச் சட்டம் செல்லாது, இந்தப் புகாரை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.