கிண்டி ஒண்ணு

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போன முதல் மூன்று வருடமும் நான் சின்னமலைக்குத்தான் டிக்கெட் வாங்கினேன். 'கி' எனக்கு வராது. தொண்டைக்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல் நின்றுவிடும். கண்டக்டர் கை நீட்டியபடி நிற்பார், பின்னால் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். 'சி' அப்படியில்லை, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் கிண்டியைத் தாண்டி இருக்கும் சின்னமலைக்கு டிக்கெட் எடுத்து, கிண்டியிலேயே இறங்கிவிடுவேன். காபி பிடித்தவன் கடையில் டீ கேட்டுக் குடித்ததும் இதனால்தான்.

திக்குபவர்களில் பலருக்கு இந்த வித்தை தெரியும். வாய்க்கு வராத சொல்லை இரண்டு சொல் முன்னாலேயே மோப்பம் பிடித்து, வேறொன்றை வைத்துவிடுவோம். கேட்பவருக்குத் தெரியாது. நமக்கு மட்டும் நாள் முழுக்க அதே வேலை.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனம், பம்ப் உதிரி பாகங்கள் விற்பது. நான் ஆர்டர் பிரிவில் இருந்தேன். டீலர்கள் போனில் சொல்வதை எழுதி, ஸ்டாக் பார்த்து, லாரி ஆபீஸுக்குப் பார்சல் அனுப்பி, எல்.ஆர். நம்பரை, அதாவது லாரி ரசீது எண்ணை, திரும்பச் சொல்ல வேண்டும். போனை எடுத்ததும் கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரும் ககரத்தில்தான் தொடங்கும். மணி அடிக்கும்போதே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். எடுப்பேன், சத்தம் வராது. அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த நாட்களில் நான் ஜெபிக்காத இரவு இல்லை. குணமாக்கும் கூட்டங்களுக்கும் போனேன். ஒரு கூட்டத்தில் என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "அல்லேலூயா சொல்லுங்க பிரதர்" என்றார்கள். சொன்னேன். வந்துவிட்டது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலை கண்டக்டர் முன்னால் அதே கதவு, அதே தாழ்ப்பாள். விசுவாசம் போதவில்லை என்று ஒருவர் சொன்னார். அது என்னை எவ்வளவு காலம் அறுத்தது என்பது அவருக்குத் தெரியாது. பேச்சில் குறை என்பதோடு விசுவாசத்திலும் குறை என்று ஆகிவிட்டது. நோயோடு இருப்பவரிடம் யாரும் இதைச் சொல்லக் கூடாது என்பதில் இன்றும் நான் உறுதியாக இருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பார்சல் விஷயம் நடந்தது. ஒரு டீலருக்குக் கரூரிலும் காரைக்குடியிலும் கடை. ஆர்டர் சொல்லிவிட்டு, "வழக்கம்போல அங்கேயே அனுப்பிடுங்க" என்றார். "கரூருக்குத்தானே?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டு ஊருமே எனக்கு வராத எழுத்து. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன். பதினொரு பெட்டிகள் காரைக்குடிக்குப் போய் இறங்கின. கரூரில் வாடிக்கையாளர் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தார். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "பேச வராதவனை எதுக்கு போன்ல உட்கார வெச்சீங்க?" என்று மேலாளர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

மதியம் சாப்பாட்டு டப்பாவோடு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கிருந்து பரங்கிமலை தெரியும். இயேசுவின் சீடர் தோமா அந்த மலையில்தான் கொல்லப்பட்டார் என்றும், அதற்கு முன் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார் என்றும் சென்னையில் வழிவழியாகச் சொல்வார்கள். நான் தினமும் டிக்கெட் எடுக்கும் சின்னமலை. அன்றைக்கு அந்தப் பெயர் எனக்குள் வேறு மாதிரி ஒலித்தது. தோமா தொட்டுப் பார்க்கக் கேட்டது எதை? இயேசுவின் கையில் ஆணி அடித்த தழும்பை. சாவையே ஜெயித்து எழுந்தவருக்கு அந்தக் காயத்தை மறைப்பது பெரிய காரியமா? அவர் கையை நீட்டிக் காட்டினார். சாப்பிடாமலே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பார்சல் தவறிப்போனதற்குக் காரணம் என் திக்கல் அல்ல, அதை நான் மறைத்தது என்பது அப்போதுதான் உறைத்தது. திக்கித் திக்கியாவது 'கரூர்' என்று கேட்டிருந்தால் பெட்டிகள் சரியான ஊருக்குப் போயிருக்கும்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, மோசேயோட நாக்கை ஆண்டவர் சரி பண்ணினார்னு எங்கயாவது எழுதியிருக்கா? வீட்டுக்குப் போய்ப் பாருங்க."

பைபிளில் யாத்திராகமம் நாலாம் அதிகாரத்தைத் திறந்தேன். திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று மோசே தன்னைச் சொல்லிக்கொள்கிறார். மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று கர்த்தர் கேட்கிறார். கூடவே, அவருக்காகப் பேச அண்ணன் ஆரோனை அனுப்புகிறார். நாக்கு குணமானதாக ஒரு வரி இல்லை. அதே மோசே பேசிய பேச்சுதான் பைபிளின் இன்னொரு புத்தகமான உபாகமத்தில் பெரும்பகுதி. மொத்தம் 34 அதிகாரம். திக்கித்தான் பேசினாரோ என்னவோ. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை போலும்.

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடமும் போனேன். ஜெபமும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை. பெரியவர்களில் சுமார் 100 பேரில் ஒருவருக்குத் திக்கல் உண்டு, அதிலும் ஆண்களே அதிகம் என்றார். கோவிலில் எல்லாரோடும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது எனக்கு ஒருநாளும் திக்கியதில்லை. உள்ளே கொடுக்கும் வரத்தை வாசலில் ஆண்டவர் திரும்ப வாங்கிக்கொள்கிறாரோ என்று வருந்தியிருக்கிறேன். கூட்டாகச் சொல்லும்போதும் பாடும்போதும் திக்குபவர்களில் பெரும்பாலோருக்குச் சரளமாக வரும் என்று பயிற்சியாளர் விளக்கினார். முதலில் சற்று ஏமாற்றம்தான். பிறகு, சேர்ந்து சொல்லும்போது வாய் திறக்கும்படி மனுஷனைப் படைத்ததும் ஆண்டவர்தானே என்று தோன்றியது.

பயிற்சியில் கடினமான பாடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. முதலில் அந்தக் கரூர் டீலரிடம்தான் சொன்னேன். "சார், எனக்குத் திக்கும். கொஞ்சம் நேரமாகும், வைச்சிடாதீங்க." அந்தப் பக்கம் சற்று அமைதி. "நீங்க நிதானமா சொல்லுங்க தம்பி, நான் எழுதிக்கிறேன்" என்றார். பார்ட் நம்பர், எண்ணிக்கை, ஊர் எல்லாவற்றையும் சொன்னேன். 'கரூர்' மட்டும் நாலு தடவை நின்றது. அவர் வைக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் மனசு பழையபடி சின்னமலையைத் தேடியது. வாயைத் திறந்தேன். "கி... கி..." என்று நின்றது. பக்கத்தில் இருந்தவர் "கிண்டியா?" என்று முடிக்கப் பார்த்தார். கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, நானே சொன்னேன்.

"கிண்டி ஒண்ணு."