‘கத்தரிக்கோல்னா என்ன?’: செமான்டிக் டிமென்ஷியாவில் சொல் பயிற்சி

‘மறதி’ என்று சொல்லித்தான் நோயாளியை வீட்டார் அழைத்து வருவார்கள். ஆனால் நேற்று யார் வந்தார்கள், அடுத்து என்றைக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். வழி தப்பாது. பேச்சும் சரளம், இலக்கணம் பிசகாது. "கத்தரிக்கோல் எடுங்க" என்றால் மட்டும் "கத்தரிக்கோல்னா என்ன?" என்பார். சொல் நாக்கு நுனியில் நின்று தடுமாறுவது வேறு, அந்தச் சொல்லையே முதல்முறை கேட்பதுபோல் விழிப்பது வேறு. இரண்டாவதைக் கண்டால் செமான்டிக் டிமென்ஷியாவை, அதாவது சொற்கள், பொருள்கள் பற்றிய அறிவே தேய்ந்துபோகும் மூளை நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

நரம்பு உளவியலாளர் எலிசபெத் வாரிங்டன் இப்படிப்பட்ட மூவரை 1975-இல் விவரித்தார். இந்தப் பெயர் 1989-இல் வந்தது. காதை ஒட்டி உள்ளே இருக்கும் மூளைப் பகுதியான டெம்போரல் லோபின் முன்முனை இரு பக்கமும் சுருங்குகிறது, பெரும்பாலும் இடப்பக்கம் கூடுதலாக. ஒரு பொருளின் உருவம், ஒலி, தொடுகை, கையாளும் விதம் எல்லாம் மூளையில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கட்டும் முடிச்சு இந்த முன்முனையில் இருக்கிறது என்பது பேட்டர்சன், நெஸ்டர், ராஜர்ஸ் மூவரும் 2007-இல் முன்வைத்த விளக்கம். நோயில் அவிழ்வது அந்த முடிச்சு.

இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் பாடம்: பக்கவாத அஃபேசியாவுக்கு (பக்கவாதத்தால் வரும் மொழி இழப்புக்கு) பழகிய முறைகளை அப்படியே இங்கே இறக்கக் கூடாது. அங்கே பெரும்பாலும் சொல்லின் பொருள் உள்ளே இருக்கிறது, எடுக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது. முதல் அசையைச் சொல்லிக்கொடுத்தால் சொல் வந்து விழும். இங்கே ‘கத்...’ என்று எடுத்துக்கொடுத்தாலும் பெரும்பாலும் பயனில்லை, ஏனென்றால் கிடங்கே தேய்கிறது. "நல்லா யோசிங்க, தெரியும்" என்று வற்புறுத்துவதால் தவறான விடைதான் மனதில் பதியும்.

கைகொடுப்பது அன்றாட நிகழ்வு நினைவு. ஆரம்பக் கட்டத்தில் அது ஓரளவு நன்றாகவே இருக்கும். அதனால் புதிதாகச் சொற்களைக் கற்க முடியும். ஆனால் கற்பது இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காட்டிய படத்துக்கு மட்டும், சொல்லிய வரிசையில் மட்டும் வரும். ‘குடை’ என்று ஒரு படத்தில் கற்றவர் வேறு நிறக் குடையைப் பார்த்துத் திகைப்பார். பயிற்சித் திட்டத்தை இந்த இறுக்கத்தை மனதில் வைத்துத்தான் வகுக்க வேண்டும்.

முதலில் அச்சடித்த படக்கட்டைத் தள்ளிவையுங்கள். அவர் வீட்டில் தினமும் தொடும் பொருள்களை 50 அல்லது 60 படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறாரா, எதற்கு என்று காட்டுகிறாரா என்று இரண்டு வெவ்வேறு நாள்களில் பாருங்கள். பெயர் போய், பயன் மட்டும் தெரிகிற பொருள்கள்தான் முதல் வேட்டை. இரண்டுமே போனவற்றில் உழைப்பு அதிகம், பலன் குறைவு. பெயர் இன்னும் வருகிறவற்றிலும் சிலவற்றைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இருப்பதைக் காப்பது இழந்ததை மீட்பதைவிட எளிது. பலரும் இதைச் செய்யாமல் விடுகிறார்கள்.

தொடக்கத்துக்கு 15 சொற்கள் போதும். படம், அதன் கீழே எழுத்து, கூடவே வீட்டார் ஒருவரின் குரல் பதிவு. பார்க்கிறார், கேட்கிறார், திருப்பிச் சொல்கிறார், எழுதுகிறார். ஊகிக்க விடாதீர்கள், தயங்கினால் உடனே விடையைக் காட்டுங்கள். நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் வரிசையைக் கலைக்க வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று கோணப் படங்கள் வேண்டும். பயிற்சி முடிந்ததும் அந்தப் பொருளை அதன் இடத்திலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள். பயிற்சி தராத 15 சொற்களைத் தனியே வைத்து அவ்வப்போது சோதித்தால்தான் நடப்பது பயிற்சியின் பலனா என்று தெரியும்.

நிறுத்தினால் சரியும். கிரகாம், பேட்டர்சன், பிராட், ஹாட்ஜஸ் 1999-இல் விவரித்த ஒருவர் தானாகவே தினமும் பயின்று நன்றாக முன்னேறினார், விட்டதும் இழந்தார். எனவே நான்கு வாரத்துக்குப் பின் இடைவெளியைக் கூட்டலாம், அடியோடு விடக் கூடாது. பயிற்சியில்லாத சொற்களுக்குப் பலன் தானாகப் பரவும் என்று வீட்டாருக்கு வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

தமிழில் ஒரு தனிச் சிக்கல். ஆங்கிலத்தில் ‘பைன்ட்’ (pint) என்று ஒலிக்க வேண்டியதை ‘மின்ட்’ (mint) மாதிரி ‘பின்ட்’ என்று வாசிப்பது இந்நோயின் அடையாளங்களில் ஒன்று. நம் எழுத்தில் கூட்டி வாசித்தாலே பெரும்பாலும் ஒலி சரியாக வந்துவிடும். சரளமாக வாசிக்கிறாரே என்று ஏமாறக்கூடும். பொருள் தெரிந்தால்தான் ஒலி பிரியும் சொற்களை வைத்துப் பாருங்கள்: செய்த பாவமா, முக பாவமா, விளையாடும் ‘பந்து’வா, உறவுக்கார ‘பந்து’வா. வாசித்ததும் என்ன பொருள் என்று கேட்காமல் விட்டால் சோதனை பாதிதான்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது சொல் பயிற்சியைவிட அவசரம். தன் பழைய கெட்டிலைச் சரியாகப் பயன்படுத்துகிறவர் அதே வேலைக்கான புதிய கெட்டில் முன் நின்றுவிடுவார். பழசு உழைக்கும்வரை மாற்றாதீர்கள், மாற்றினால் அதே இடத்தில் வைத்துக் கையைப் பிடித்துச் சில நாள் பழக்குங்கள். துப்புரவுத் திரவங்கள், மாத்திரைகள் கைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் இருக்கட்டும்: உண்ணத் தகாததை வாயில் வைப்பது பின்கட்டத்தில் நடக்கும், அப்போது ‘விஷம்’ என்று ஒட்டிய சீட்டும் அவருக்கு வெறும் எழுத்துதான்.